மீட்டருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? கோ-ஆப் வீடுகளில் கரண்ட் பிரச்சினை பார்க்கும் முறை

அமெரிக்காவில், டெக்ஸஸில் ஆஸ்டினுக்கு வடக்கே லியாண்டர், சீடர் பார்க் பக்கம், டாலஸுக்கு மேலே டென்டன் கவுன்டியில், ஜார்ஜியாவில் கம்மிங்கில், வர்ஜீனியாவில் ஆஷ்பர்னில் என்று வீடு வாங்கிய நம் ஆட்களில் பலருக்கு, தாங்கள் ஒரு கிராமப்புற மின் கூட்டுறவின் (கோ-ஆப்) உறுப்பினர் என்பதே முதல் பில் வந்த பிறகுதான் தெரிகிறது. 1930களில் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத பண்ணைகளுக்குக் கம்பி இழுக்கத் தொடங்கிய சங்கங்கள் இவை. பண்ணை போய் சப்டிவிஷன் வந்தாலும் கம்பி அவர்களுடையதுதான்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது "அண்ணா, கரண்ட் போச்சு" என்று போட்டால் அடுத்த செய்தியில் என் பெயர் இருக்கும். நான் எலக்ட்ரீசியன் இல்லை. ஒரு மல்டிமீட்டரும், அதே பத்துப் பன்னிரண்டு பிரச்சினைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்த பழக்கமும்தான் கைவசம். எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, சிக்கல் மீட்டருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்பதைத்தான். அந்தப் பக்கம் என்றால் கோ-ஆப் ஆள் வருவார், பெரும்பாலும் காசு கிடையாது. இந்தப் பக்கம் என்றால் எலக்ட்ரீசியன். அவர் வந்து எட்டிப் பார்ப்பதற்கே நூறு, இருநூறு டாலர் போய்விடும். தெரியாமல் தப்பான ஆளைக் கூப்பிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர்.

தொடங்கும் முன் ஒன்று. பிரேக்கர் பெட்டியின் கதவைத் திறக்கலாம், சுவிட்சைத் தள்ளலாம். உள்ளே இருக்கும் உலோக மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள். மெயினை அணைத்தாலும் மெயினுக்கு மேலே வரும் கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மீட்டரின் சீலையும் தொடாதீர்கள்.

## வீடு முழுக்க இருட்டு

### பக்கத்து வீட்டிலும் இல்லை

அந்தப் பக்கம்தான். ஆனால் "எல்லோருக்கும்தானே போயிருக்கிறது, யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று உட்காராதீர்கள். ஊரில் கரண்ட் போனால் தானாக வரும் என்று காத்திருந்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது வேலைக்கு ஆகாது. புது மீட்டர்கள் பல தாமே தகவல் அனுப்பிவிடும் என்றாலும், எத்தனை வீட்டிலிருந்து புகார் வருகிறது என்பதை வைத்துத்தான் கோளாறு எந்த இடத்தில் என்று அவர்கள் சீக்கிரம் கணிக்கிறார்கள். ஆப்பிலோ, குறுஞ்செய்தியிலோ, போனிலோ நீங்களும் சொல்லுங்கள்.

போன் செய்யும்போது கணக்கில் பதிவான எண்ணிலிருந்து செய்யுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் கணினி உங்கள் முகவரியைக் கண்டுபிடிக்கும். வீட்டுக்காரர் ஆபீஸில் இருக்க, வீட்டில் இருக்கும் அம்மணி தன் போனிலிருந்து கூப்பிட்டு இருபது நிமிடம் "எண் ஒன்றை அழுத்தவும்" கேட்டுக்கொண்டிருந்த கதை எனக்கு நன்றாகத் தெரியும், அது எங்கள் வீட்டுக் கதை. இருவர் எண்ணையும் இன்றே சேர்த்து வையுங்கள்.

எதிர்த் தெருவுக்கு வந்துவிட்டது, நமக்கு வரவில்லை என்று கோபம் வரும். அவர்கள் வரிசை இதுதான்: முதலில் உயர் அழுத்தக் கம்பிகள், பிறகு சப்ஸ்டேஷன், பிறகு ஊருக்குள் வரும் முக்கியக் கம்பி, அதிலிருந்து பிரியும் கிளைகள், கடைசியில் தனித்தனி வீடு. எதிர்த் தெரு வேறு கிளையில் இருக்கலாம். ஆனால் உங்கள் கிளையில் எல்லோருக்கும் வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால் இன்னொரு முறை புகார் கொடுங்கள். தெருவுக்கான புகாரை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள், உங்கள் வீட்டுக்கான கம்பி அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

### என் வீட்டில் மட்டும் இல்லை

முதலில் மெயின் பிரேக்கர். நம் பக்கத்து வீடுகளில் அது கராஜிலோ, வெளியே மீட்டருக்கு அருகிலோ இருக்கும். விழுந்த பிரேக்கர் பாதியில் நிற்கும். அப்படியே மேலே தள்ளினால் பிடிக்காது. முழுக்க ஆஃப் பக்கம் அழுத்தித் தள்ளிவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள்.

மெயின் சரியாக இருந்தால் வெளியே போய் மீட்டர் திரையைப் பாருங்கள்.

- திரை வெறுமையாக இருந்தால் மீட்டருக்கே கரண்ட் வரவில்லை. கோ-ஆப்பைக் கூப்பிடுங்கள்.
- திரையில் எண்கள் ஓடுகின்றன, வீட்டில் மட்டும் இல்லை என்றால், கொஞ்சம் கூச்சமான ஒரு காரணத்தை முதலில் பாருங்கள்: பில். தானியங்கிக் கட்டணத்துக்குக் கொடுத்த கார்டு காலாவதியாகி, மின்னஞ்சல் குப்பையில் போய், தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். இதுவரை மூன்று வீடுகளில் பார்த்துவிட்டேன். அதில் ஒருவர் எலக்ட்ரீசியனையே வரவழைத்துவிட்டார்.
- பில்லும் கட்டியாயிற்று, திரையும் ஓடுகிறது என்றால் மெயின் பிரேக்கரே செத்திருக்கலாம். இது இந்தப் பக்கம். எலக்ட்ரீசியன்.

## சில பிளக் பாயின்ட்டுகள் மட்டும் செத்துவிட்டன

குளியலறையில் ஹேர் டிரையர் ஓடவில்லை, வாசலில் தீபாவளி சீரியல் லைட் எரியவில்லை. பிரேக்கர் எதுவும் விழவில்லை. பத்தில் எட்டு முறை இது ஜிஎஃப்சிஐ. நடுவில் 'டெஸ்ட்', 'ரீசெட்' என்று இரண்டு குட்டிப் பொத்தான் உள்ள பிளக் பாயின்ட் அது. ஒன்று விழுந்தால் அதன் பின்னால் கோர்த்திருக்கும் எல்லாப் பாயின்ட்டும் சாகும். வேடிக்கை என்னவென்றால், மாடிக் குளியலறைக்கான பொத்தான் கீழே கராஜில், அதுவும் பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும். கராஜ், சமையலறை, எல்லாக் குளியலறை, வெளிச்சுவர் என்று ஒரு சுற்று போய் ஒவ்வொன்றிலும் ரீசெட்டை அழுத்துங்கள்.

அழுத்தினால் நிற்கவில்லையா? அதில் செருகியிருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி. மழை பெய்திருந்தால் வெளிச்சுவர்ப் பாயின்ட்டில் தண்ணீர் புகுந்திருக்கும். ஒரு நாள் காயவிடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஜிஎஃப்சிஐயே தேய்ந்திருக்கும். பொருள் இருபது, முப்பது டாலர்தான், மாட்டுவதற்கு ஆள்கூலி தனி.

கராஜில் இரண்டாவது ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இதைத் தினம் ஒரு கண் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த வடகம் தப்பிக்கும். ஃப்ரீசரில் இருக்கும் மீன் தப்பிக்காது.

## பாதி வீட்டில் மட்டும் லைட் எரிகிறது, ஏசி, அடுப்பு, டிரையர் ஓடவில்லை

இங்கே வீட்டுக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன; ஒவ்வொன்றும் நியூட்ரலுடன் 120 வோல்ட், இரண்டுக்கும் நடுவே 240. ஒன்று அறுந்தால் பாதி வீட்டில் மட்டும் லைட் எரியும், 240 கேட்கும் பெரிய சாமான்கள் நின்றுவிடும். அடுப்பை ஆன் செய்தால் செத்த லைட்டுகள் மங்கலாக உயிர் பெறுகிறதா? அப்படியென்றால் சந்தேகமே இல்லை.

மெயினை ஒருமுறை முழுக்க அணைத்துப் போட்டுப் பாருங்கள். மாறாவிட்டால் பெரிய சாமான்களின் பிரேக்கர்களை அணைத்துவிட்டுக் கோ-ஆப்பைக் கூப்பிட்டு, "பாதி வீட்டுக்கு மட்டும் கரண்ட்" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அவர்களுக்கு உடனே புரியும். முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடாதீர்கள். கோ-ஆப் ஆள் மீட்டர் வரை அளந்து, வரவு சரியாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் அடுத்த போன் எலக்ட்ரீசியனுக்கு.

## ஒரு அறையில் லைட் அதிகப் பிரகாசம், இன்னொரு அறையில் மங்கல்

இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டில் இப்படி நடந்துகொண்டிருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம். போய் மெயினை அணையுங்கள்.

நியூட்ரல் கம்பி கழன்றிருக்கிறது, அல்லது கழன்றுகொண்டிருக்கிறது. அப்போது 240 வோல்ட் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியாது. ஒரு பக்கம் 90க்கு இறங்கும், மறுபக்கம் 150க்கு ஏறும். ஏறிய பக்கத்தில் இருக்கும் டிவி, வைஃபை பெட்டி, ஃப்ரிட்ஜின் போர்டு எல்லாம் வரிசையாகப் புகையும். மைக்ரோவேவ் போட்டதும் ஹால் லைட் மங்காமல் பிரகாசமாகிறது என்றால் அதுதான் முதல் எச்சரிக்கை. இன்னும் சந்தேகம் மட்டும்தான், மெயின் ஆனில் இருக்கிறது, மல்டிமீட்டரும் இருக்கிறது என்றால் வேறு வேறு அறைப் பாயின்ட்டுகளில் வைத்துப் பாருங்கள்: 114 முதல் 126 வரை இருப்பது சரி. ஓரிடத்தில் 105, இன்னோரிடத்தில் 135 என்று காட்டினால் மேற்கொண்டு சோதனை வேண்டாம், மெயினை அணையுங்கள்.

கோ-ஆப்புக்கு அவசர அழைப்பு, இரவு இரண்டு மணியானாலும். பேனலிலோ மீட்டரிலோ கருகிய வாசனை வந்தால் முதலில் 911. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டு வாரம் "பல்பு கம்பெனி சரியில்லை" என்று பல்பை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மாட்டிக்கொண்டது புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜ்.

## லைட் கண் சிமிட்டுகிறது

### வீடு முழுக்க ஓரிரு நொடி போய் வருகிறது

மரக்கிளையோ அணிலோ கம்பியில் பட்டால், கம்பத்தில் இருக்கும் ரீகுளோசர் கரண்டை வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்க்கும். இரண்டு மூன்று முறை முயன்று முடியாவிட்டால் பூட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு சிமிட்டல் ஒரு நல்ல செய்திதான், கம்பி தானே சரி செய்துகொண்டது. காற்றே இல்லாத நாளில் வாரத்துக்கு நாலு முறை வந்தால் நேரம் குறித்து வைத்து அனுப்புங்கள். "அடிக்கடி போகிறது" என்ற புகாரை விட "செவ்வாய் 4:10, வியாழன் 4:25" என்பதற்கு மதிப்பு அதிகம். கம்பியை உரசும் ஒரு கிளையை அப்படித்தான் எங்கள் தெருவில் கண்டுபிடித்தார்கள்.

### ஏசி கிளம்பும்போது மட்டும்

லேசாக மங்கி உடனே சரியானால் விட்டுவிடலாம். முன்பு இல்லாமல் இப்போது புதிதாக வந்தது என்றால் பெரும்பாலும் ஏசியின் கப்பாசிட்டர். மலிவான பொருள்தான், ஆனால் அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், ஏசிக்காரரே மாற்றட்டும்.

### ஒரே அறையில், ஒரே லைட்டில்

பல்பைத் திருகுங்கள். டிம்மர் இருந்தால் அது எல்இடிக்கு ஒத்துவரும் டிம்மர்தானா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

## பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுகிறது

எப்போது விழுகிறது என்பதே பாதி பதில்.

குளிர்காலத்தில், அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கும்போது விழுந்தால் ஸ்பேஸ் ஹீட்டர். 1,500 வாட் ஹீட்டர் ஒன்றே 12.5 ஆம்பியர் இழுக்கும். படுக்கையறை பிரேக்கர் பெரும்பாலும் 15 ஆம்பியர். அதே பிரேக்கரில் இருக்கும் பக்கத்து அறையில் அயர்ன் பாக்ஸ் போட்டால் முடிந்தது. ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் கார்டிலும் செருகாதீர்கள்.

சமையலறையில் இன்ஸ்டன்ட் பாட்டும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடும்போது விழுந்தால், இரண்டையும் வேறு வேறு சுவரில் வையுங்கள்.

மிக்ஸி போட்டதும் விழுந்தால் அந்தப் பிரேக்கரில் டெஸ்ட் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் ஏஎஃப்சிஐ. மிக்ஸி மோட்டாரின் பிரஷ்ஷில் வரும் பொறியை, சுவருக்குள் கம்பி உரசும் பொறி என்று நினைத்துக்கொள்கிறது. மிக்ஸியை வேறு சர்க்யூட்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதுவே நடந்தால் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

எதுவும் செருகாமலே, போட்ட உடனே விழுந்தால் ஷார்ட். அதற்கு மேல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பெரிய ஆம்பியர் பிரேக்கர் மாட்டித் தருகிறேன் என்று எந்த நண்பர் சொன்னாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எலக்ட்ரிக் கார் சார்ஜரின் பிளக் சுட்டாலும் நிறம் மாறினாலும் அன்றைக்கே நிறுத்துங்கள். மலிவான 14-50 பாயின்ட்டுகள் இரவெல்லாம் 40 ஆம்பியர் தாங்குவதில்லை, உருகுகின்றன. சார்ஜர் புதிதாக மாட்டும்போது கோ-ஆப்புக்கும் சொல்லிவிடுங்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் நாலு வீட்டுக் கார் இரவு ஒன்பது மணிக்கு ஒன்றாகச் செருகினால் அதற்கும் மூச்சு முட்டும்.

## கிளை கம்பியை இழுத்துவிட்டது

கீழே கிடக்கும் கம்பி செத்தது என்று நினைக்காதீர்கள். 35 அடி தள்ளி நின்று 911, பிறகு கோ-ஆப். கார் மேல் விழுந்திருந்தால், தீப்பிடிக்காதவரை காருக்குள்ளேயே இருங்கள்.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஆஸ்டின் பக்கம் பனிக்கட்டி படிந்து ஓக் கிளைகள் மடமடவென்று முறிந்தபோது பலர் முதல்முறையாகத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. கம்பத்திலிருந்து வரும் கம்பி கோ-ஆப்புடையது. ஆனால் வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கும் குழாயும் அதன் தொப்பியும், மீட்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டியும் பெரும்பாலான இடங்களில் வீட்டுக்காரருடையவை. மீட்டர் மட்டும் அவர்களுடையது. குழாய் வளைந்திருந்தால் லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, "எலக்ட்ரீசியனை வைத்துச் சரி செய்து வையுங்கள், பிறகு இணைக்கிறோம்" என்று போய்விடுவார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. சில இடங்களில் நகராட்சி ஆய்வும் வேண்டும். ஆகவே புயல் ஓய்ந்ததும் தூரத்தில் நின்று அந்தக் குழாயைப் பாருங்கள். வளைந்திருந்தால் எலக்ட்ரீசியனை அப்போதே வரிசையில் பிடித்து வையுங்கள். ரிப்பேர் செலவுக்கு வீட்டு இன்சூரன்ஸ் வருமா என்றும் கேளுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருந்தால் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராமல் ஓடவிடுங்கள். வீட்டை வெளிக் கம்பியிலிருந்து பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் இல்லாமல் டிரையர் பாயின்ட் வழியாக வீட்டுக்குள் கரண்ட் ஏற்றும் வித்தையை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் 240 வோல்ட், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 7,200 வோல்ட்டாகக் கம்பத்துக்குப் போகும். அங்கே ஒருவர் உங்களுக்காகத்தான் ஏறியிருப்பார்.

கூரையில் சோலார் இருந்தும் கரண்ட் போனபோது அணைந்துவிட்டதா? பழுதில்லை. பாட்டரி இல்லாத சோலார், கம்பத்தில் இருப்பவரைக் காப்பாற்றத்தான் தானே நின்றுகொள்கிறது.

## பில் எகிறிவிட்டது

மீட்டர் தப்பு என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். மீட்டர் தப்பாக இருந்து நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் பில்லில் நாட்களை எண்ணுங்கள். போன மாதம் 28 நாள், இந்த மாதம் 33 நாள் என்றால் வித்தியாசத்தில் கொஞ்சம் அங்கேயே போய்விடும். அடுத்து யூனிட் கூடியதா, ரேட் கூடியதா என்று பாருங்கள். யூனிட் அதேதான், தொகை மட்டும் கூடியிருக்கிறது என்றால் மின் கொள்முதல் விலைக்கான சரிக்கட்டல் மாறியிருக்கும். அதைப் பற்றிய அறிவிப்பு நீங்கள் குப்பையில் போட்ட மாத இதழிலோ பில்லோடு வந்த தாளிலோ இருந்திருக்கும்.

யூனிட் கூடியிருந்தால் ஆப்பில் மணிவாரி வரைபடத்தைத் திறங்கள். பல கோ-ஆப்களில் அது ஸ்மார்ட்ஹப் என்ற பெயரில் இருக்கிறது. இந்த வரைபடம் பாதித் துப்பறிதலை முடித்துவிடும்.

- குளிர்ந்த அதிகாலைகளில் மட்டும் மலைபோல் ஏறினால், ஹீட் பம்பின் துணை ஹீட்டர். தெர்மோஸ்டாட்டில் 'எமர்ஜென்சி ஹீட்' யாரோ போட்டிருக்கிறார்களா பாருங்கள். 10 கிலோவாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் 100 யூனிட். யூனிட் 12 சென்ட் என்றாலே ஒரு நாளைக்கு 12 டாலர்.
- இரவு பகல் எல்லா நேரமும் ஒரே சீராக உயர்ந்திருந்தால், எங்கோ வெந்நீர் கசிகிறது, அல்லது கிணற்று பம்ப் நிற்காமல் ஓடுகிறது. பிரேக்கரை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் கொடுத்து, மறுநாள் வரைபடத்தில் எங்கே இறங்கியது என்று பாருங்கள்.
- "ஆறு வாரம் இந்தியாவில் இருந்தோம், பில் எப்படி வரும்?" மாதாந்திர நிலைக் கட்டணம் வரும். வாட்டர் ஹீட்டர், ஃப்ரிட்ஜ், ஏசி உங்களோடு விமானம் ஏறவில்லை. போகும் முன் வாட்டர் ஹீட்டர் பிரேக்கரை அணைத்துவிட்டுப் போங்கள்.

இத்தனைக்கும் பிடிபடவில்லையென்றால் கோ-ஆப்பில் வீட்டு மின்தணிக்கை கேளுங்கள். பல இடங்களில் உறுப்பினர்களுக்கு இலவசமாகவோ குறைந்த காசிலோ செய்கிறார்கள்.

கோடை மாலையில் மட்டும் ஏசி அரை மணி குளிராமல் இருந்து பிறகு சரியானால், வெளியே ஏசி பக்கத்துச் சுவரில் சிறிய சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறதா பாருங்கள். உச்ச நேரத்தில் ஏசியைச் சற்று நிறுத்திவைக்கும் திட்டத்தில் நீங்களோ, உங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவரோ சேர்ந்திருப்பார். வேண்டாமென்றால் போன் செய்து விலகிக்கொள்ளலாம், அதற்காகப் பில்லில் வந்த சிறு தள்ளுபடியும் போகும்.

## கோ-ஆப்பிலிருந்து எந்தச் செய்தியும் வருவதில்லை

கரண்ட் போகும் செய்தி எல்லோருக்கும் வருகிறது, உங்களுக்கு மட்டும் வரவில்லை. எப்போதோ ஒரு பில் நினைவூட்டலுக்கு எரிச்சலில் 'ஸ்டாப்' என்று பதில் போட்டிருப்பீர்கள். அந்த ஒரு வார்த்தை அந்த எண்ணிலிருந்து வரும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதே எண்ணுக்கு 'ஸ்டார்ட்' என்று அனுப்புங்கள், பிறகு ஆப்பில் எந்தெந்த அறிவிப்பு வேண்டும் என்று மறுபடி தேர்வு செய்யுங்கள்.

தபாலில் வரும் இதழையும் கொஞ்சம் புரட்டுங்கள். டெக்ஸஸில் 'டெக்ஸஸ் கோ-ஆப் பவர்', வர்ஜீனியாவில் 'கோ-ஆப்பரேட்டிவ் லிவிங்' என்று வருவதை விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறோம். ரேட் மாற்றம், இயக்குநர் தேர்தல், ஆண்டுக் கூட்டத் தேதி எல்லாம் இந்த மாதிரி இதழ்களில்தான் வருகின்றன.

## நோட்டீஸில் டாலர் இருக்கிறது, கையில் வரவில்லை

'கேபிட்டல் கிரெடிட்' ஒதுக்கீடு இத்தனை டாலர் என்று தாள் வந்தால் அது செக் இல்லை. அந்த வருட உபரியில், நீங்கள் வாங்கிய மின்சாரத்துக்கு ஏற்ப உங்கள் பெயரில் எழுதி வைத்த பங்கு. அந்தப் பணத்தைக் கம்பிக்கும் கம்பத்துக்கும் பயன்படுத்திவிட்டு, இயக்குநர் குழு முடிவு செய்யும்போது, பெரும்பாலும் பல வருடம் கழித்து, திருப்பித் தருவார்கள். சில இடங்களில் செக், சில இடங்களில் பில்லில் கழிவு. பில்லில் கழித்துவிட்டதைக் கவனிக்காமல் செக்கைத் தேடுபவர்களே அதிகம், அந்த மாத பில்லை எடுத்துப் பாருங்கள்.

வீடு மாறியவர்களுக்குத்தான் உண்மையான இழப்பு. வேலை மாறி வேறு மாநிலம் போகிறோம், கணக்கை மூடுகிறோம், புது முகவரி கொடுப்பதில்லை. செக் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடும். முன்பு கோ-ஆப் பகுதியில் இருந்தவர்கள் அதன் இணையதளத்தில் உரிமை கோராதவர் பட்டியலையும், அந்த மாநிலத்தின் உரிமை கோராத சொத்துப் பட்டியலையும் பெயர் போட்டுத் தேடுங்கள். நம் பெயர்களில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருக்கும், இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

## "அரை மணியில் கட் செய்வோம்" என்று போன்

வைத்துவிடுங்கள். கிஃப்ட் கார்டிலோ ஸெல் (Zelle) ஆப்பிலோ பணம் கேட்டால் அது கோ-ஆப் இல்லை. போன் திரையில் கோ-ஆப் பெயரே வந்தாலும் நம்பாமல், பில்லில் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். வாசலில் வந்து "கம்பெனி மாற்றினால் பாதி விலை" என்று டேப்லெட்டை நீட்டுபவரிடமும் கையெழுத்து போடாதீர்கள். டெக்ஸஸில் ஹூஸ்டன், டாலஸ் போன்ற நகரங்களில் மின் கம்பெனியைத் தேர்வு செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான கோ-ஆப் பகுதிகளில் அந்த வசதியே கிடையாது. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.